நினைவகம் தவறினால் கணக்கும் தவறும்

வங்கிக் கிளையில் அன்றாடப் பணி முடியும் வேளையில் காசாளர் தம் கையிருப்பை எண்ணி, கணக்கில் காட்டப்பட்டுள்ள தொகையோடு ஒப்பிடுகிறார். இரண்டும் பொருந்தினால்தான் அன்றைய கணக்கு முடியும். பத்து ரூபாய் வேறுபட்டாலும் காரணத்தைத் தேடியாக வேண்டும். பிழை நேராது என்ற நம்பிக்கையின் மீது இந்த ஏற்பாடு நிற்கவில்லை. பிழை நேர்ந்தால் அன்றே வெளிப்பட வேண்டும் என்ற எச்சரிக்கையின் மீது நிற்கிறது.

நம் வீட்டு மடிக்கணினியில் இத்தகைய காசாளர் பெரும்பாலும் இல்லை. வருமான வரிக் கணக்கு, வீட்டுக் கடன் தவணைப் பட்டியல், குடும்ப ஒளிப்படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் யாவும் அதன் நினைவகத்தின் வழியாகவே சென்று வருகின்றன. அந்த நினைவகம் பழுதடைந்தால் கணினி உடனே நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம். பல வேளைகளில் அது நிற்பதில்லை. தவறான ஒன்றைச் சரியானது போலவே எழுதிவிட்டு வேலையைத் தொடர்கிறது. இப்பழுதை அறிவது எப்படி, அறிந்தபின் நம் ஆவணங்களை இழக்காமல் சரிசெய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

‘மெமரி நிறைந்துவிட்டது’ என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது நாம் பெரும்பாலும் குறிப்பது சேமிப்பகத்தை, அதாவது ஹார்டு டிஸ்க்கை அல்லது எஸ்.எஸ்.டி.யை. அது பீரோவைப் போன்றது. மின்சாரம் இல்லாவிட்டாலும் உள்ளே வைத்தது அப்படியே இருக்கும். ரேம் எனப்படும் நினைவகமோ வேலை செய்யும் மேசையைப் போன்றது. பீரோவிலிருந்து எடுத்த கோப்பு மேசைக்கு வந்த பிறகே அதில் எதையும் படிக்கவோ திருத்தவோ முடியும். திருத்திய கோப்பும் மேசையிலிருந்துதான் பீரோவுக்குத் திரும்புகிறது. ஆகவே மேசையில் ஏற்படும் கறை பீரோவிலுள்ள கோப்பிலும் படிந்துவிடும்.

இன்று நாம் பயன்படுத்தும் நினைவகத்தின் அடிப்படை அமைப்பை ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966-ஆம் ஆண்டு கண்டறிந்தார். 1968-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி ஆகிய இரண்டும் சேர்ந்து ஓர் அறை ஆகின்றன. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். இம்மின்தேக்கி ஓட்டைக் குடம் போன்றது. நிரப்பியது கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வழக்கமாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை ஒவ்வோர் அறையும் படிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்படுகிறது. 8 ஜி.பி. நினைவகத்தில் இத்தகைய அறைகள் சுமார் 6,870 கோடி. இவற்றுள் ஒன்று அளவுக்கு மீறிக் கசிந்தாலும் பிழை தோன்றும்.

ஓர் அறை புரண்டால் என்ன ஆகும்?

கணினி எண்களையும் எழுத்துகளையும் ஒன்று, சுழியம் ஆகியவற்றின் வரிசையாகவே வைத்திருக்கிறது. ‘1’ என்ற எண்ணெழுத்துக்கு உரிய வரிசை 00110001. ‘9’ என்பதற்கு உரியது 00111001. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஓர் இடந்தான். எழுத்து வடிவில் சேமிக்கப்பட்ட கணக்குப் பட்டியலில் அந்த ஓரிடம் புரண்டால் ரூ.15,000 என்பது ரூ.95,000 ஆகிவிடும். எச்சரிக்கை ஒலி எழாது. திரையில் சிவப்புக் கோடும் தோன்றாது.

இது வெறும் கற்பனை அன்று. பெல்ஜியம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் பொதுத்தேர்தல் நடைபெற்றது. பிரஸ்ஸல்ஸ் நகரை ஒட்டிய ஸ்கார்பேக் பகுதியில் மின்னணு முறையில் எண்ணியபோது, ஒரு வேட்பாளருக்குக் கிடைத்திருக்கவே இயலாத அளவு வாக்குகள் பதிவாகியிருந்தன. வாக்காளர்கள் பயன்படுத்திய காந்த அட்டைகளை மீண்டும் எண்ணிப் பார்த்தார்கள். வேறுபாடு சரியாக 4,096 வாக்குகள். இரண்டை இரண்டால் தொடர்ந்து பெருக்கிச் செல்லும்போது பன்னிரண்டாம் படியில் வரும் எண் அது. மென்பொருளில் குறை எதுவும் காணாத வல்லுநர்கள், கணினியின் நினைவகத்தில் ஓரிடம் தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தனர். இயலாத எண்ணிக்கையாக இருந்ததனால் ஒருவர் ஐயுற்றார்; அட்டைகள் தனியே பாதுகாக்கப்பட்டிருந்ததனால் உண்மை தெரிந்தது. இவ்விரண்டு பாடங்களும் நமக்கும் உரியவை.

தற்செயற் பிழையும் நிலையான பழுதும்

நினைவகப் பிழைகள் இரு வகைப்படும். முதலாவது தற்செயலானது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் விளைவாகத் தோன்றும் துகள் ஒன்று அறையைத் தாக்கினால் அதன் மின்னூட்டம் மாறக்கூடும். இக்கதிர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. 1939-இல் தாயகம் வந்த ஹோமி பாபா, இந்திய அறிவியல் கழகத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வுப் பிரிவை நடத்தினார். அருகிலுள்ள கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கங்களிலும் பின்னாளில் இத்தகைய ஆய்வுகள் நடைபெற்றன. சில்லுகளைப் பொதியும் பொருளில் கலந்திருக்கும் நுண்ணளவு கதிரியக்கமும் பிழையை உண்டாக்கும் என்பதை இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள் 1970-களின் இறுதியில் கண்டறிந்தனர். இவ்வகைப் பிழையில் சில்லுக்குச் சேதம் இல்லை. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் அது மறைந்துவிடும்.

இரண்டாவது வகை நிலையான பழுது. அறை நலிந்திருக்கலாம், ரேமின் பொன்முலாம் பூசிய இணைப்புகளில் அழுக்குப் படிந்திருக்கலாம், ஸ்லாட் தளர்ந்திருக்கலாம். இப்பிழை மீண்டும் மீண்டும் வரும். கூகுள் நிறுவனத்தின் ஏராளமான சேவையகங்களில் இரண்டரை ஆண்டுகள் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழை பதிவாகியிருந்தது. பெரும்பாலானவை நிலையான பழுதுகளே என்றும், ஒருமுறை பிழை காட்டிய ரேம் மீண்டும் பிழை காட்டும் வாய்ப்பு மிகுதி என்றும் அவ்வாய்வு கூறியது. எனவே சோதனையில் ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் அந்த ரேமை நம்பி வேலையைத் தொடர்வது அறிவுடைமை ஆகாது.

பெரிய சேவையகங்களில் பிழையறிந்து திருத்தும் நினைவகம் உண்டு. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்ட முறை அதற்கு அடிப்படை. ஒவ்வொரு தொகுதித் தரவுடனும் சில சரிபார்ப்பு இலக்கங்கள் சேர்த்து வைக்கப்படும். ஓரிடம் புரண்டால் எந்த இடம் என்று கண்டு திருத்திவிடலாம். நம் பற்று அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் இத்தகைய சரிபார்ப்பு இலக்கமே. அட்டை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வீட்டு மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த முழுமையான பாதுகாப்பு இல்லை. புதிய டிடிஆர்5 வகைச் சில்லுகள் தமக்குள் ஓரளவு திருத்திக்கொள்கின்றன. சில்லிலிருந்து செயலிக்குச் செல்லும் வழியில் நேரும் பிழையை அவ்வேற்பாடு காக்காது.

ஐயம் கொள்ள வேண்டிய அறிகுறிகள்

நினைவகப் பழுதின் தனி இயல்பு ஒழுங்கின்மை. ஒரே செயலி எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் குற்றம் அச்செயலியில் இருக்கவே வாய்ப்பு மிகுதி. இன்று உலாவி, நாளை கணக்கு மென்பொருள், மறுநாள் விண்டோஸ் என்று மாறி மாறி நின்றால் நினைவகத்தை ஐயுற வேண்டும். நீலத்திரை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் காட்டுவது, சுருக்கிய கோப்புகள் விரிய மறுப்பது, நன்றாக இருந்த ஒளிப்படத்தின் பாதி நிறம் மாறுவது, விண்டோஸை மீண்டும் நிறுவ முயலும்போது இடையில் நிற்பது ஆகியவை பிற அறிகுறிகள். பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்து, திரை கருமையாகவே இருந்து, விட்டுவிட்டு ஒலி எழுந்தால் ரேம் சரியாகப் பொருந்தவில்லை என்பது அதன் பொருளாக இருக்கலாம்.

சேமிப்பகப் பழுது, மிகையான வெப்பம், டிரைவர் குறைபாடு ஆகியவையும் இவற்றுள் சிலவற்றை ஒத்த தோற்றத்தைத் தரும். ஆகவே அறிகுறியைக் கண்டதும் புதிய ரேம் வாங்க ஓட வேண்டாம். விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவவும் வேண்டாம். பழுதான நினைவகத்தைக் கொண்டு நிறுவினால் புதிதாக எழுதப்படுவதும் பழுதாகவே அமையக்கூடும்.

முதற்கடமை: ஆவணங்களைக் காத்தல்

ஐயம் எழுந்ததும் பலர் உடனே எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுக்கிறார்கள். நோக்கம் நல்லது, வழியில் ஓர் இடர் உண்டு. நகலும் அதே நினைவகத்தின் வழியாகவே செல்கிறது. முன்பு எடுத்த நல்ல நகலின் மேல் இன்று பழுதான நகலை எழுதிவிட்டால் இருந்ததையும் இழந்தவர்கள் ஆவோம். ஆதலால் மூன்று விதிகளைக் கடைப்பிடிப்போம்.

ஒன்று, பழைய நகலைத் தொடாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். தானாக இயங்கும் மேகச் சேமிப்பு ஒத்திசைவையும் சிறிது காலம் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் கெட்ட கோப்பு அங்கும் சென்று நல்லதன் இடத்தைப் பிடிக்கும்.

இரண்டு, இயன்றால் அந்த மடிக்கணினியை அணைத்துவிட்டு, எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, வேறொரு நல்ல கணினியில் இணைத்து நகலெடுக்க வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருக்குமானால் 48 இலக்க மீட்புக் குறியீடு தேவைப்படும். அதை இப்போதே, கணினி நன்றாக இருக்கும்போதே, தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவது நன்று.

மூன்று, கழற்ற இயலாத நிலையில், மிக இன்றியமையாத கோப்புகளை மட்டும் புதிய இடத்தில் நகலெடுத்து, வேறொரு கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் மட்டும் போதாது. தொகைகளின் கூட்டுத்தொகை பழைய அச்சுப்படியோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை

விண்டோஸில் இதற்கான கருவி உள்ளேயே இருக்கிறது. தேடும் பெட்டியில் ‘விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்’ என்ற பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் அது தோன்றும். திறந்திருக்கும் கோப்புகளை மூடிவிட்டு ஒப்புதல் அளித்தால் கணினி அணைந்து எழுந்து சோதனையைத் தொடங்கும். அப்போது எஃப்1 விசையை அழுத்தி ‘எக்ஸ்டென்டெட்’ என்னும் விரிவான சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். முடிவு, மீண்டும் உள்நுழைந்த பின் அறிவிப்பாக வரும்.

இச்சோதனை பழுதைக் கண்டால் அதை நம்பலாம். பழுது இல்லை என்று சொன்னால் முழுமையாக நம்ப இயலாது; மேலோட்டமான சோதனையில் சிக்காத பழுதுகள் உண்டு. அதற்கு அடுத்த படி மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். கட்டணமின்றிக் கிடைக்கும் இவற்றை நல்ல கணினி ஒன்றில் யு.எஸ்.பி. டிரைவில் பதிந்து, ஐயத்துக்குரிய மடிக்கணினியை அதிலிருந்து இயக்க வேண்டும். விண்டோஸ் இயங்காத நிலையில் சோதனை நடப்பதால் நினைவகத்தின் பெரும்பகுதியைத் தொட்டுப் பார்க்க முடிகிறது. குறைந்தது நான்கு சுற்றுகள் முடியட்டும். மின்னிணைப்பைப் பொருத்தி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, இரவில் தொடங்கிக் காலையில் பார்ப்பது வசதி. பிழை எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டும். ஒன்று என்றாலும் தேர்ச்சி இல்லை.

குற்றவாளியைக் கண்டறிதல்

சோதனையில் பிழை வந்தாலும் ரேமே கெட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். உத்தரவாதக் காலம் நடப்பில் இருந்தால் கணினியைத் திறக்காமல் நிறுவனத்தின் சேவை மையத்துக்கே செல்ல வேண்டும். அக்காலம் முடிந்து, கழற்றக்கூடிய ரேம் இருந்தால் நாமே பார்க்கலாம். மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தையும் துண்டிக்க வேண்டும். உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும் என்பதால், முதலில் தரையிணைப்புள்ள உலோகம் ஒன்றைத் தொட வேண்டும். ரேமின் இருபுறமும் உள்ள கொக்கிகளை மெல்ல வெளிப்புறம் தள்ளினால் அது சாய்வாக எழும். பொன்னிற இணைப்புகளில் விரல் படாமல் எடுத்து, தூய உலர்ந்த துணியால் துடைத்து, சாய்வாகச் செருகிக் கொக்கிகள் பூட்டும்வரை அழுத்த வேண்டும். பிறகு மீண்டும் சோதிக்க வேண்டும். சில வேளைகளில் இதுவே போதுமானது.

இரண்டு ரேம்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துச் சோதித்து, பின் மற்றொன்றை அதே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்கலாம். ஒரு ரேம் எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் பிழை காட்டினால் கெட்டது அந்த ரேம். எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட் பிழை காட்டினால் குற்றம் ஸ்லாட்டில் அல்லது மதர்போர்டில் உள்ளது. தனித்தனியே நன்றாக இருந்து, சேரும்போது மட்டும் பிழை வந்தால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை எனலாம். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் செலவு மிகும். பழுது நீக்குவதா, புதியது வாங்குவதா என்று கணக்கிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கடைக்குச் செல்லுமுன்

பெங்களூரில் கணினி உறுப்புகள் என்றதும் நினைவுக்கு வருவது டவுன் ஹாலுக்கு அருகிலுள்ள சதர் பத்ரப்பா சாலை, அதாவது எஸ்.பி. ரோடு. அங்கு அடுத்தடுத்து உள்ள கடைகளில் புதியதும் பழையதும் கிடைக்கும். எந்த ஊர்க் கடையானாலும் செல்லுமுன் ரேமின் வகையைக் குறித்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினிக்குரிய டிடிஆர்3 ரேமுக்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வெவ்வேறு வேகமுள்ள இரண்டைச் சேர்த்தால் இரண்டும் பெரும்பாலும் குறைந்த வேகத்திலேயே இயங்கும். கழற்றிய ரேமைக் கையோடு எடுத்துச் சென்று காட்டுவது எளிய வழி.

தொடர் எண் குறித்த ரசீதையும், உத்தரவாதக் காலத்தையும் கேட்டுப் பெற வேண்டும். ரேமைத் தனியாக வாங்கியவர்கள் பழைய ரசீதைத் தேடிப் பார்ப்பது நல்லது. தயாரிப்பாளர்கள் சிலர் ரேமுக்கு நீண்ட கால உத்தரவாதம் அளிக்கின்றனர். புதிய ரேமைப் பொருத்தியதும் அதையும் ஓரிரவு சோதித்துவிட வேண்டும். விற்றவர் உத்தரவாதத்தை மதிக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முறையிடலாம். கெட்ட ரேமைக் குப்பையில் எறியாமல் அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்தில் சேர்க்க வேண்டும்.

கணினியைப் பழுது பார்ப்பவரிடம் விட நேர்ந்தால், எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுப்பதே சிறந்தது. நினைவகத்தைச் சோதிக்க அது தேவையில்லை. கழற்ற இயலாவிட்டால் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கி, வங்கிக் கணக்கிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் வெளியேறிவிட்டுக் கொடுக்க வேண்டும். ஓ.டி.பி.யையோ வங்கிக் கடவுச்சொல்லையோ கேட்கும் பழுது நீக்கம் எதுவும் இல்லை.

பணம் அனுப்பும்போது

நினைவகம் ஐயத்துக்குரியதாக இருக்கும் நாட்களில் அந்தக் கணினியில் பணப் பரிமாற்றம் செய்யாமல் இருப்பதே முறை. வங்கியின் கணினிகள், தம்மை வந்தடைந்த தொகையையும் கணக்கு எண்ணையும் பலவாறு சரிபார்த்தே பதிகின்றன. ஆனால் நம் மேசையிலேயே எண் மாறி அனுப்பப்பட்டிருந்தால், வந்த எண்ணையே வங்கி நம் விருப்பமாகக் கொள்ளும். எனவே பெறுபவர் பெயர், கணக்கு எண், தொகை ஆகியவற்றை உறுதிப்படுத்தும் திரையில் ஒருமுறையும், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் மறுமுறையும் படிப்போம். மாதந்தோறும் வங்கி அறிக்கையை நம் வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுவோம்.

ஸ்கார்பேக்கில் உண்மையைக் காட்டியவை தனியே வைத்திருந்த அட்டைகள். நம் வீட்டில் அந்த இடத்தை நிரப்புவன தனியே வைத்த நகலும், எழுதி வைத்த கூட்டுத்தொகையும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு நகல், ஆண்டுக்கு ஒருமுறை ஓரிரவு நினைவகச் சோதனை, இவ்வளவே செலவு. காசாளர் நாள்தோறும் செய்யும் பணியில் சிறு பங்கை நாமும் மேற்கொண்டால், நினைவகம் தவறும் நாளிலும் நம் கணக்கு தவறாது.